கிட்டியைக் கொடுத்து கரூசோவை வாங்கியது சரியா?

திருப்பூர் நண்பரின் கேள்வி மேலோட்டமாக அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் நடந்த ஒரு டிரேடைப் பற்றியது, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்வது. 2024 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 21 வயது ஜாஷ் கிட்டியைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு 30 வயது அலெக்ஸ் கரூசோவை வாங்கியது. மேற்கொண்டு ஒரு டிராஃப்ட் வாய்ப்பைக்கூட (புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) கேட்டு வாங்கவில்லை. "இன்னும் பத்து வருஷம் ஆடப்போற பையனைக் குடுத்துட்டு, நாலஞ்சு வருஷத்துல ஓயப்போறவரை வாங்குறது என்ன கணக்குங்க?" என்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: அவருடைய கிளப் அணியிலும் இதே மாதிரி ஒரு முடிவு இழுத்துக்கொண்டு நிற்கிறதாம். பல வருஷமாக ஆடும் ஒரு அண்ணனை உட்காரவைத்துவிட்டு, பிளஸ் டூ முடித்த ஆறடி நாலு அங்குலப் பையனைத் தொடக்க ஐவரில் இறக்கலாமா என்று. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிகிற பயனையும் நாளைக்கு வரலாம் என்கிற பயனையும் எந்தத் தராசில் வைப்பது என்றுதான் கேட்கிறீர்கள்.

நான் கோவையில் பள்ளி, கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி தருகிறவன். என்.பி.ஏ. அலுவலகம் எதிலும் வேலை பார்த்ததில்லை. ஒரு டிரேடுக்கு முன்னால் அவர்கள் புரட்டிப் பார்க்கும் மருத்துவ அறிக்கையும், பயிற்சியில் ஒருவர் நடந்துகொள்ளும் விதமும் வெளியில் இருக்கிற யாருக்கும் தெரியாது. எனவே அங்கே நடப்பதைப் பற்றி நான் சொல்வதை ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கிறவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். 12 பேரைத் தேர்ந்தெடுப்பது, அதில் 5 பேரை இறக்குவது, மீதி 7 பேரின் முகத்தைப் பார்ப்பது, இது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

முதலில் கிட்டி. அவரிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 2021 டிராஃப்டில் 6-வது ஆளாக எடுக்கப்பட்டவர். ஆறடி எட்டு அங்குல உயரத்தில் பந்தைக் கொண்டுவந்து, மற்றவர் கண்ணுக்குப் படாத இடைவெளியில் பாஸ் போடுவார். தவறிய ஷாட்டில் திரும்பி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, நன்றாக எடுப்பார். பந்து அவர் கையில் இல்லாதபோதுதான் சிக்கல். அந்த அணியில் பந்து பெரும்பாலும் ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் கையில் இருக்கும், மிச்ச நேரம் ஜேலன் வில்லியம்ஸ் கையில். அந்த நேரத்தில் கிட்டி மூலையில் நிற்க வேண்டும், தூர ஷாட் போட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அவரை எதிரணி காக்க வேண்டும். 2024 பிளேஆஃபில், அதாவது லீக் ஆட்டங்கள் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் தொடர்களில், டல்லஸ் அணி அவரைக் காக்கவே இல்லை. அவரைப் பார்க்க வேண்டிய ஆள் ரிங்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஷே உள்ளே நுழைந்தால் அங்கே ஏற்கெனவே ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். தொடரின் பிற்பகுதியில் தொடக்க ஐவரில் கிட்டியின் இடம் போனது. ஓக்லஹோமா 4-2 என்று தோற்றது.

82 லீக் ஆட்டங்களில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. எதிரணிக்கு அன்றைக்கு ஒரு ஆட்டம், மறுநாள் வேறு ஊர். உட்கார்ந்து ஆராய நேரம் இருக்காது. பிளேஆஃபில் அதே அணியோடு 7 ஆட்டம் வரை மோத வேண்டும். மூன்றாவது ஆட்டத்துக்குள் எதிராளிக்கு உங்கள் பலவீனம் மனப்பாடம் ஆகிவிடும். அதனால்தான் நம்பகமான ஆள் என்று யாரைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எதிரணி வேலைமெனக்கெட்டுத் தேடினாலும் இவரை வைத்து நம்மைக் குத்த முடியாதா? முடியாது என்றால் அவர் விலை உயர்ந்தவர், பாயிண்ட் குறைவாக இருந்தாலும்.

கரூசோ அப்படிப்பட்டவர். 2016-ல் டிராஃப்டில் அவரை யாருமே எடுக்கவில்லை. கீழ்மட்ட லீகில் ஆடி, லேக்கர்ஸ் அணிக்குள் நுழைந்து, 2020-ல் பட்டம் வென்ற அணியில் இருந்தார். பிறகு சிகாகோவில் தடுப்பாட்டத்துக்கான சிறந்த அணிப் பட்டியலில் இடம் பிடித்தார். ஓக்லஹோமாவுக்கு வந்த முதல் சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 7 பாயிண்டுதான். அதை மட்டும் பார்த்தால் உங்கள் கோபம் நியாயம். ஆனால் 2025 பிளேஆஃபில் டென்வருக்கு எதிரான 7-வது ஆட்டம் கிடைத்தால் ஒரு தடவை பாருங்கள். ஆறடி ஐந்து அங்குலக் கரூசோ, தன்னைவிட அரையடி உயரமும் எவ்வளவோ எடையும் அதிகமுள்ள நிகோலா யோகிச்சைக் காக்கிறார். பின்னால் நின்று தள்ளிப் பார்க்கவில்லை. முன்னால் வந்து நின்று, முழங்கையை இடுப்பில் ஊன்றி, பந்து அவர் கைக்கு வருவதையே தடுக்கிறார். தலைக்கு மேலே பாஸ் போட்டால் பின்னால் உதவிக்கு ஆள் இருக்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், பந்துக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பந்து வரவில்லை. 125-93 என்று ஓக்லஹோமா வென்றது. இறுதித் தொடரில் இந்தியானாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் கரூசோ தலா 20 பாயிண்ட் அடித்தார். அந்த வருஷம் பட்டம் ஓக்லஹோமாவுக்கு.

இதே வேலையை நம்மூரில் பார்க்க வேண்டுமானால் கோவை வ.உ.சி. பூங்கா மைதானத்தில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை நடக்கும்போது வந்து உட்காருங்கள், அல்லது பி.எஸ்.ஜி. கோப்பைக்கு வாருங்கள். பந்து போகிற பக்கம் பார்க்காமல், வங்கி அணியிலோ ராணுவ அணியிலோ ஒரு மூத்த ஆட்டக்காரரை மட்டும் ஒரு கால்வாசி ஆட்டம் முழுக்கப் பாருங்கள். எதிராளி ஷாட் எடுத்த கணத்தில் எல்லார் கண்ணும் பந்தின் மேல் இருக்கும். அவர் மட்டும் திரும்பி, தன் ஆளின் தொடையில் முதுகை ஒட்டிப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பார். ரீபவுண்டை எடுப்பது வேறொரு பையன், ஸ்கோர் ஷீட்டில் ஏறுவது அந்தப் பையன் பெயர். ஸ்கிரீன் (எதிராளி நம் ஆளின் வழியை மறித்து நிற்பது) வருவதற்கு முன்பே "லெப்ட்ல வருது, லெப்ட்ல வருது" என்று குரல் கொடுப்பார். மூன்றாவது ஃபவுல் வாங்கிய பிறகு கையைக் கீழே இறக்கி, காலால் காக்க ஆரம்பிப்பார். கடைசி இரண்டு நிமிஷத்தில் பந்து கையில் வந்தால் அவசரப்பட மாட்டார், அதே சமயம் காலியாக நின்றால் போடத் தயங்கவும் மாட்டார். என்னிடம் ஆடிய ஒரு பையன், கோபி பக்கத்துக்காரன், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வந்து, "சார், அந்த உசரமானவனை நான் பாத்துக்கறனுங்க" என்று மட்டும் சொல்வான். பாயிண்ட் பற்றிப் பேசவே மாட்டான். அவன் இறங்கினால் மற்ற நாலு பேரின் தோள் இறங்கி இயல்பாகும். இது திறமைக்குக் கீழே உள்ள ஒரு படி என்று நினைப்பது தவறு. இதுவும் திறமைதான், கற்றுக்கொள்ள வருஷங்கள் பிடிக்கிற திறமை.

சரி, அப்படியானால் எப்போதும் நம்பகமான ஆளைத்தான் வாங்க வேண்டுமா? இல்லை. எதிர்ப்பக்கச் சாட்சியும் கனமானதுதான். 2011-ல் சான் அன்டோனியோ, ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்துவிட்டு, 15-வதாக எடுக்கப்பட்டிருந்த காவை லெனர்டை வாங்கியது. ஹில் அந்த அணிப் பயிற்சியாளருக்கு மிகப் பிடித்த பையன், எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறவர். காவைக்கு அப்போது ஷாட்டே சரியில்லை என்று பேச்சு. 2014-ல் சான் அன்டோனியோ பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் காவை. இதில் எனக்குப் பிடித்த பகுதி, இந்தியானாவும் ஏமாறவில்லை என்பது. ஹில்லை வைத்துக்கொண்டு அவர்கள் 2013, 2014 இரண்டு வருஷமும் கிழக்குப் பிரிவின் இறுதி வரை போனார்கள். அவர்களுக்கு வேண்டியது அன்றைக்கே ஆடத் தெரிந்த ஒரு கார்டு (பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரர்), அது கிடைத்தது.

ஓக்லஹோமாவே மறுபக்கம் நின்ற டிரேடும் உண்டு. 2019-ல் கிளிப்பர்ஸ் அணி பால் ஜார்ஜை வாங்குவதற்காக, ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஷேவைக் கொடுத்தது. கூட 5 முதல் சுற்று வாய்ப்புகள், அதற்கும் மேல் டிராஃப்ட் வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமைகள். ஜார்ஜ், கரூசோ மாதிரி குறிப்பிட்ட வேலையைச் செய்யும் ரோல் பிளேயர் அல்ல, முதல் வரிசை நட்சத்திரம். எனவே உங்கள் கேள்விக்கு இது நேர் உதாரணம் ஆகாது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஷே 2024-25 சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த வாய்ப்புகளில் ஒன்றுதான் ஜேலன் வில்லியம்ஸாக வந்து சேர்ந்தது. பட்டம் வென்ற அணியின் முதல் இரண்டு தூண்களும் ஒரே டிரேடின் மகசூல்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நான் நம்புகிற விஷயம் வெளியே வரும். ஒரு இளைஞனை விட்டுக்கொடுக்கலாமா என்பது அவன் எவ்வளவு நல்லவன் என்பதைவிட, அவனைப் போல உங்களிடம் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இளம் திறமையில் பெரும்பாலானவை சொன்னபடி வளராது, ஒன்றிரண்டு சொன்னதற்கும் மேலே வளரும். பல வாய்ப்பு வைத்திருப்பவனுக்கு அந்த ஒன்றிரண்டு எப்படியும் அகப்படும். எனவே ஒருவனைக் கொடுத்துக் கரூசோவை வாங்கினால் அவனுக்குப் பெரிய இழப்பு இல்லை. ஒரே ஒரு பையனை வைத்திருப்பவன் அவனையும் கொடுத்துவிட்டால், பிறகு வருகிற ஆறேழு வருஷமும் மற்றவர் தோட்டத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2024-ல் ஓக்லஹோமா கிட்டியைக் கொடுத்தபோது ஷே, ஜேலன், செட் ஹோம்கிரன் மூவரும் இளைஞர்கள், அதற்கு மேல் கைநிறைய டிராஃப்ட் வாய்ப்புகள். இல்லாதது ஒரு கரூசோ மட்டும்தான்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. முதலாவது வயது. கூடைப்பந்தில் பெரும்பாலோர் 25-லிருந்து 29 வயதுக்குள் உச்சத்தைத் தொடுகிறார்கள். அதிலும் வேகத்தை நம்பி ஆடுகிறவர்கள் முன்னால் இறங்குவார்கள், ஷாட்டையும் புத்தியையும் நம்புகிறவர்கள் பின்னால். இரண்டாவது ஒப்பந்தம். முதல் சுற்றில் எடுக்கப்படும் பையனுக்கு 4 வருஷம், விதிப்படி குறைந்த சம்பளம். அதில் கடைசி 2 வருஷம் வைத்துக்கொள்வதா என்பது அணியின் விருப்பம். பொள்ளாச்சிப் பக்கம் காய்ப்பில் இருக்கும் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவரும் சொந்த மண்ணில் நாற்று வைப்பவரும் ஒரே கணக்குப் போட மாட்டார்கள். குத்தகைக்காரர் எத்தனை வருஷம் கையில் இருக்கும் என்று பார்ப்பார், நாற்று வைப்பவர் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். கிட்டிக்கு அந்த மலிவான காலத்தில் மீதி ஒரே வருஷம். அதற்குப் பிறகு பெரிய தொகை கொடுத்தாக வேண்டும். 2025-ல் சிகாகோ அவருக்கு 4 வருஷத்துக்கு 10 கோடி டாலர் கொடுத்தது. கரூசோவுக்கும் ஒரே வருஷம்தான் மீதி, ஆனால் 2024 டிசம்பரில் ஓக்லஹோமா 4 வருஷத்துக்கு 8.1 கோடி டாலருக்கு நீட்டித்துக்கொண்டது. 21 வயதா 30 வயதா என்று மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம். சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இடைவெளி பாதியாகிவிடுகிறது.

இனி சந்தேகத்துக்கு உரியவை. முதலில் ஷாட். ஒரு பையனின் 3-பாயிண்ட் தேறுமா தேறாதா என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஃப்ரீ த்ரோ நன்றாகப் போடுகிறவனுக்கு நாளைக்கு தூர ஷாட்டும் வரலாம் என்பது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். கிட்டியே இதற்குச் சாட்சி. ஓக்லஹோமாவில் கடைசி வருஷம் 34 சதவீதத்தை ஒட்டி இருந்தவர், சிகாகோ போன முதல் வருஷமே 38-ஐ ஒட்டிப் போனார். அங்கே பந்தும் அவர் கையில் இருந்தது. பாயிண்ட், ரீபவுண்ட், பாஸ் எல்லாவற்றிலும் அணியின் முக்கியமான ஆள் ஆனார். டிரேடு முடிந்த பிறகு கொடுத்த ஆள் நன்றாக ஆடினால் கொடுத்தவன் ஏமாந்தான் என்று பேசுவது நம் வழக்கம். இங்கே அப்படி இல்லை. அவருக்கு இடம் இருந்த வீட்டுக்கு அவர் போனார்.

அடுத்தது உடம்பு. இதில் நம்பகமானவர் என்ற பெயருக்கும் உத்தரவாதம் கிடையாது. கோல்டன் ஸ்டேட் 2020-ல் 2-வது ஆளாக ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தது. ஏழடி உயரம், ஓட்டம், எல்லாம் இருந்தது. முழங்கால் காயத்தில் 2021-22 சீசன் முழுக்கப் போயிற்று. அணியின் நட்சத்திரம் ஸ்டீபன் கறியின் காலம் முடிவதற்குள் ஜெயிக்க வேண்டும், பையனும் தவறு செய்து பழக வேண்டும் என்ற இரண்டும் ஒரே கோர்ட்டில் ஒத்துவரவில்லை. 2023 பிப்ரவரியில் அவரைக் கொடுத்து, முந்தின வருஷம் பட்டம் வென்ற அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்த கேரி பேட்டனைத் திரும்ப வாங்கினார்கள். வந்தவரைப் பரிசோதித்தால் தசையில் காயம். டிரேடையே ரத்து செய்யலாமா என்ற அளவுக்குப் பேச்சு போய், கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். அவர் சில வாரங்கள் ஆட முடியவில்லை. தெரிந்த ஆள், தெரிந்த ஆட்டம், அப்படியும் இப்படி.

வயதான நம்பகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சறுக்குவது அங்கேதான். 2013-ல் புரூக்ளின் அணி 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டனிலிருந்து வாங்கியது. கொடுத்தது 3 முதல் சுற்று வாய்ப்புகள், ஒரு இடமாற்று உரிமை. புரூக்ளினுக்குக் கிடைத்தது அடுத்த வருஷம் ஒரே ஒரு பிளேஆஃப் தொடர் வெற்றி. பாஸ்டனுக்கு அந்த வாய்ப்புகள் வழியாக ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள், 2024-ல் பட்டமும் வந்தது. புரூக்ளின் வாங்கியது அந்த இருவரும் ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டத்தை. ரோல் பிளேயரை மதிப்பது வேறு, பேரை மதிப்பது வேறு. கரூசோவை 30 வயதில் வாங்குவதும் கார்னெட்டை 37-ல் வாங்குவதும் ஒரே வகையில் சேராது.

எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாதவையும் உண்டு. 2006-ல் ஹியூஸ்டன், 8-வது ஆளாக எடுத்த ரூடி கேயைக் கொடுத்து ஷேன் பாட்டியரை வாங்கியது. கே பல வருஷம் ஆட்டத்துக்கு 20 பாயிண்டை ஒட்டி அடித்தார். பாட்டியர் அதில் பாதிகூட அடிக்கவில்லை, ஆனால் 2008-ல் தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்த அணியில் எதிரணியின் மிகச் சிறந்த ஆளைக் காப்பது அவர் வேலை. யாருக்கு லாபம் என்று கேட்டால் நான் பாட்டியர் பக்கம் சாய்வேன். அது என் ரசனை. பாயிண்டை முன்னால் வைக்கிறவர் கேயைச் சொன்னால் அவரோடு சண்டைக்கு வர மாட்டேன்.

இப்போது உங்கள் கிளப். நம்மிடம் டிரேடு கிடையாது, சம்பளக் கணக்கும் கிடையாது. வேலைக்காகவோ கல்லூரிக்காகவோ பையன் நாளைக்கே வேறு ஊர் போய்விடலாம். ஆகவே எதிர்காலத்துக்கு நீங்கள் தருகிற எடை என்.பி.ஏ. அணி தருவதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். நாக்-அவுட் போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் அண்ணனைத் தொடக்க ஐவரில் வையுங்கள். தோற்றால் அன்றே பஸ் ஏற வேண்டிய ஆட்டத்தில் பழக்கம் பேசும். லீக் ஆட்டம் என்றால் இரண்டாவது கால்வாசியில் பையனை இறக்குங்கள், அண்ணனும் உள்ளே இருக்கும்போது. வெளியே உட்கார்ந்திருக்கும் ஆளைவிட, பக்கத்தில் ஓடுகிற ஆள் சொன்னால்தான் பையன் காதில் ஏறும். பையன் எத்தனை பாஸ்கெட் போட்டான் என்று எண்ணாதீர்கள். ஒரு ஷாட் தவறிய அடுத்த நொடி அவன் எங்கே பார்க்கிறான் என்று கவனியுங்கள். தலையைத் தொங்கப்போட்டு நடந்தால் இன்னும் காலம் இருக்கிறது, திரும்பி ஓடித் தன் ஆளைத் தேடினால் நேரம் நெருங்கிவிட்டது. அப்புறம், எதிரணி அவனை வேண்டுமென்றே காலியாக விடுகிறதா என்பதையும் பாருங்கள். விட்டால் அந்த இடத்திலிருந்துதான் அவனுக்கு அடுத்த மாதப் பயிற்சி.

அண்ணனிடம் நீங்களே நேரில் பேசிவிடுங்கள், ஆட்டத்துக்கு முந்தின நாள் அல்ல, இப்போதே. மூன்றாவது ஆள் சொல்லி அவருக்குத் தெரிந்தால் பையனும் கெடுவான், அணியும் கெடும். நேரில் சொன்னால் பெரும்பாலும் அவரே பையனைத் தயார்படுத்துகிற வேலையை எடுத்துக்கொள்வார், நான் பார்த்தவரை அப்படித்தான். பையன் ஃப்ரீ த்ரோ எப்படிப் போடுகிறான், இடது கையில் லே-அப் வருகிறதா, உங்களுக்கு அடுத்து வருவது லீகா நாக்-அவுட்டா என்று எழுதுங்கள், இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.